வீட்டுக்கு 400 மீட்டரில் சரளைக் குவாரி: விடியுமுன் கிளம்பும் சத்தத்துக்கு என்ன செய்யச் சொல்லிக் கேட்பது?

அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி, இப்போது நானே எழுதும் நிலைமை வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளி ஒரு சரளைக் குவாரி. நாங்கள் குடிவந்தபோது அது ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது, சத்தம் என்று ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. போன வருடம் அந்த மேட்டையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். வெடி வைப்பதெல்லாம் கிடையாது. தோண்டுவது, கழுவுவது, சலிப்பது, பெரிய கல்லாக வந்தால் உடைப்பது, லாரியில் ஏற்றுவது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' காலை 5 மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிடுகிறது. அது போதாதென்று ராத்திரி முழுக்க ஒரு உறுமல் வேறு. அது காதில் விழுகிறதா உடம்பில் படுகிறதா என்றே தெரியவில்லை, அலமாரிக் கண்ணாடி மட்டும் சன்னமாக அதிர்ந்துகொண்டே இருக்கும், விரலை வைத்து அழுத்தினால் நிற்கும், எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

என் 3 வயது மகள் பொம்மை லாரியைப் பின்னால் தள்ளும்போது 'பீப், பீப், பீப்' என்று சொல்லிக்கொண்டே தள்ளுகிறாள். முன்னால் தள்ளும்போது சொல்வதில்லை. நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மேலாளரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். அளந்து பார்த்தாயிற்று, சராசரி 54 டெசிபல்தான் வருகிறது, வரம்பு 55, நாங்கள் விதிக்குள்தான் இருக்கிறோம் என்று ஒரு தாளைக் காட்டினார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

கேட்க நினைப்பது இதுதான். சுற்றிலும் மரம் நட்டால் குறையுமா? எங்கள் காம்பவுண்டு சுவரை உயர்த்தினால் பலன் உண்டா? சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடச் சொல்கிறார்கள், அது உண்மையிலேயே வேலை செய்யுமா? குவாரிக்காரர்களிடம் 'சத்தத்தைக் குறையுங்கள்' என்பதைத் தாண்டி என்ன கேட்கலாம்? கல் உடைக்கும் கிரஷரை மூடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மனு எழுதப் போகிறார்கள், நானும் கையெழுத்துப் போடுவதா என்று யோசனையாக இருக்கிறது.

பழைய போர்மேன்:

தம்பி, கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். நான் 22 வருடம் குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதாவது உங்களைப்போன்றவர்களிடம் திட்டு வாங்கும் பக்கத்தில் இருந்தவன்.

முதலில், கிரஷர்தான் சத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெளியில் இருப்பவர்கள் எல்லாரும் கிரஷரைத்தான் சொல்வார்கள், ஏனென்றால் பார்க்க அதுதான் பெரிசு. ஆனால் அது ஒரே சீராக அரைத்துக்கொண்டிருக்கும், மனுசக் காது அதற்குப் பழகிக்கொள்ளும். தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் திடீரென்று விழுகிற சத்தம்தான். அதிலே நம்பர் ஒன் எது தெரியுமா? காலி டிப்பரில் விழுகிற முதல் பக்கெட். வெறும் இரும்புத் தொட்டி, அதற்கு மேலே ஆளுயரத்திலிருந்து லோடர்காரன் மொத்தக் கல்லையும் ஒரே கொட்டாகக் கொட்டினால் கோயில் மணி மாதிரி அடிக்கும். இரண்டாவது பக்கெட் அவ்வளவு சத்தம் வராது, ஏனென்றால் கல்மேல் கல் விழுகிறது. அதனால் நல்ல லோடர் ஆபரேட்டர் முதல் பக்கெட்டைத் தாழ இறக்கி, மெல்லச் சரித்து விடுவான், அதற்கு ஒரு பைசா செலவில்லை. தொட்டியின் உள்தரையில் ரப்பர் விரித்த வண்டிகளும் உண்டு. என்னிடம் வேலை பார்த்த ஒருத்தர் முதல் பக்கெட்டில் சிறுகல்லை மட்டும் அள்ளிப் போட்டு மெத்தை மாதிரி பரப்பிவிட்டு அப்புறம்தான் பெரிய கல் போடுவார், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ரெண்டாவது, பின்கதவு. இறக்கிவிட்டு வருகிற வண்டி கதவைச் சரியாகக் கொக்கி மாட்டாமல் ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் 'டமார்' தான். லோடு வண்டியைவிடக் காலி வண்டிதான் சத்தம். குவாரிக்குள் போகிற பாதையில் குழியை மூடி, வேகத்தைக் குறைத்தாலே பாதி அடங்கிவிடும். இறக்கத்தில், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்சாஸ்ட் பிரேக் போடுகிற பழக்கமும் உண்டு, ஊர்ப்பக்கம் வரும்போது அதைத் தொடாதே என்று கேட்டில் போர்டு வைத்தால் முக்கால்வாசி டிரைவர்கள் கேட்பார்கள்.

மூன்றாவது, உங்கள் பாப்பா சொல்கிற 'பீப் பீப்'. பாதுகாப்புக்கு அது வேண்டும், எடுக்கச் சொல்லாதீர்கள், ஆள் செத்துப்போவான். ஆனால் இப்போது 'ஷ்ஷ்க், ஷ்ஷ்க்' என்று காற்று சீறுவது மாதிரி வருகிற ரிவர்ஸ் அலாரம் இருக்கிறது. ஒரே ஸ்வரமாக இல்லாமல் பல அலைவரிசையில் பரவி வருவதால் வண்டிக்குப் பின்னால் நிற்பவனுக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உடனே தெரியும், தொலைவில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேருமுன் மற்ற சத்தத்தோடு கரைந்துவிடும். அக்கம்பக்கச் சத்தத்தைப் பார்த்துத் தானாகவே ஏற்றி இறக்கிக்கொள்கிற வகையும் உண்டு. அதைவிட நல்ல வழி, வண்டி ரிவர்ஸ் எடுக்கவே தேவையில்லாதபடி உள்ளே ஒருவழிச் சுற்றுப்பாதை போடுவது. ஒரு கேட்டில் நுழைந்து, லோடு ஏற்றி, சுற்றிக்கொண்டு வெளியே. லோடர் மட்டும்தான் பின்னால் போகும்.

இயந்திரப் பக்கம் கேட்பதானால்: சல்லடையில் இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறார்களா, ரப்பர் அல்லது பாலியூரிதேன் தட்டுகளா என்று கேளுங்கள். மாற்றினால் காதுக்கே வித்தியாசம் தெரியும். தட்டில் ஓட்டைப் பரப்பு குறைவு, சலிப்பு கொஞ்சம் மந்தமாகும் என்று மூக்கைச் சுளிப்பார்கள், அது உண்மைதான், ஆனால் கம்பி வலையைவிட ரொம்ப நாள் உழைக்கும். கல் விழுகிற தொட்டிகளுக்கு உள்பக்கம் ரப்பர் தகடு. கன்வேயரின் முனையைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்து, குவியல் ஏற ஏற உயர்த்திக்கொண்டு போவது. எப்போதும் உச்சியிலேயே வைத்துக் கொட்டினால் அத்தனை உயரத்திலிருந்தும் கல் விழும். கன்வேயர் ரோலரில் பேரிங் போனால் 'கீச்' என்று ஒரு கிலோமீட்டருக்குக் கேட்கும், அதை வாரம் ஒருமுறை நடந்து பார்த்துக் கழற்றிப் போடவேண்டும். எங்கள் இடத்தில் இதைத்தான் யாருமே செய்யமாட்டார்கள், நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம்: பிளான்ட், அதாவது உடைத்துச் சலிக்கிற இயந்திரமெல்லாம், எங்கே நிற்கிறது? மேலே சமதரையில் நிற்கிறதா, பள்ளத்துக்குள் இறக்கியிருக்கிறார்களா? பள்ளத்துத் தரையில் இறக்கி வைத்து, வீட்டுப் பக்கமாக விற்பனைக்கு வைத்திருக்கிற ஜல்லிக் குவியலை நிறுத்தினால் அதுவே சுவர். தோண்டுகிற திசையும் அப்படித்தான். வீட்டுப் பக்கம் பார்த்துத் தோண்டிக்கொண்டு வந்தால் வெட்டாத மண்முகம் இயந்திரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று மறைக்கும். வீட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து எதிர்ப்பக்கம் போனால் உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே வெறும் காற்றுதான். கேட்க விநோதமாக இருக்கும், 'எங்களை நோக்கித் தோண்டுங்கள்' என்று எந்தக் குடியிருப்புக்காரனும் கேட்கமாட்டான். ஆனால் அதுதான் சத்தம் குறைவு. எங்கே நிறுத்துவது என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

டெசிபல்கணக்கு:

போர்மேன் அண்ணா சொன்னதோடு சேர்த்து, அந்த 54 என்கிற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சத்தம் அளப்பதுதான் என் பிழைப்பு.

சராசரி என்றால் எந்த நேரத்தின் சராசரி என்று கேட்டீர்களா? ஒரு சின்னக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் 10 விநாடி மட்டும் 80 டெசிபல், மீதி நேரமெல்லாம் 45 என்று வையுங்கள். அந்த மணி நேரத்தின் சராசரி ஏறக்குறைய 55. அதாவது முதல் பக்கெட் நாலு தடவை அடித்து வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டாலும் தாளில் 'வரம்பை ஒட்டி' என்றுதான் வரும். அதையே நாள் முழுக்கப் பரப்பிச் சராசரி போட்டால் இன்னும் அழகாக இருக்கும். பொய் எதுவும் இல்லை, கேள்விதான் தப்பு. உச்ச அளவு எவ்வளவு, அது எத்தனை தடவை வந்தது என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நேரம். காலை 5 மணி என்பது நான் பார்த்த விதிமுறைகள் எல்லாவற்றிலும் இரவுக் கணக்கில்தான் வரும். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சியின் 2007 வழிகாட்டியில் குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45, அல்லது பின்னணிச் சத்தத்தைவிட 3 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. இங்கிலாந்தில் கனிமக் குவாரிகளுக்கென்றே உள்ள திட்ட வழிகாட்டியில் பகலில் பின்னணியைவிட 10 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, எப்படியும் 55-ஐத் தாண்டக்கூடாது, இரவில் 42. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்குச் சொன்ன இரவு அளவு வீட்டுக்கு வெளியே 40, அது வருட சராசரி. உங்கள் இடத்துக்கு எந்த எண் செல்லும் என்பதை உங்கள் அனுமதிப் பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்லமுடியும், ஆனால் பகல் வரம்பைக் காட்டி விடியற்காலைக்குப் பதில் சொல்வது செல்லாது. 'பின்னணி' என்பதைக் கவனியுங்கள், குவாரி ஓடாதபோது அதே நேரத்தில் உங்கள் இடம் எவ்வளவு அமைதி என்பது. விடியற்காலையில் பல குடியிருப்புகளில் அது 30, 35 தான் இருக்கும். அதன்மேல் 54 வந்து உட்கார்ந்தால் வித்தியாசம் 20. 10 கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும்.

விடியற்காலையில் ஏன் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துபோய் மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கும். மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து கீழே வரும். பகலில் இதற்கு நேர்மாறு. அதனால் மத்தியானம் 2 மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போனால் அது உங்கள் பிரச்சினையை அளந்ததாகாது. காற்று குவாரியிலிருந்து வீட்டுப் பக்கம் வீசுகிற நாளும் அப்படித்தான்.

இப்போது உங்கள் கேள்விகள். மரம்: அடர்த்தியாக, ஊடே எதுவும் தெரியாதபடி 30 மீட்டர் ஆழத்துக்கு இருந்தால் 5 டெசிபல் குறையலாம். ஒரு வரிசை மரம் கிட்டத்தட்ட பூஜ்யம். நடுங்கள், ஆனால் நிழலுக்கும் தூசிக்கும் நடுங்கள். சுவர்: சத்தம் வரும் இடத்துக்கும் காதுக்கும் இடையே நேர்ப்பார்வை மறைந்தாலே 5 டெசிபல் குறையும், அதற்குமேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் தோராயமாக ஒன்றரை. மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் பக்கத்தில்; நட்டநடுவே கட்டினால்தான் மிகக் குறைந்த பலன். உங்கள் காம்பவுண்டைக் கீழ்த்தளத்துக்கு வேண்டுமானால் உயர்த்தலாம், மாடியறைக்கு அது தெரியவே தெரியாது. நான் காசு போடுவதானால் குவாரிப் பக்கத்தில் இடைவெளியில்லாத மண்கரைக்குத்தான் போடுவேன். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும், லாரிகள் வரிசையாகப் போகிற சாலையாக இருந்தால் 3 தான்.

ராத்திரி உறுமல்தான் எனக்கு உறுத்துகிறது. கண்ணாடி அதிர்கிறது என்றால் தாழ்ந்த அலைவரிசை. சாதாரண அளவீட்டில் 'ஏ' எடை என்று ஒன்று போடுவார்கள், காது தாழ்ந்த ஒலியை மந்தமாகக் கேட்கிறது என்பதற்காகக் கழிப்பது. 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். அலமாரிக் கண்ணாடிக்கு இந்தக் கழிவு தெரியாது பாருங்கள். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' எடையிலும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் 15, 20 என்று வந்தால் பிரச்சினை தாழ்ந்த ஒலியில்தான். சரி, ராத்திரி சலிப்பு நடக்கிறதா? நடக்கவில்லையென்றால் வேறு என்ன ஓடுகிறது?

ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள். நேரம், எத்தனை நிமிடம், எந்த மாதிரிச் சத்தம், காற்று எந்தப் பக்கம். ஐபோன் இருந்தால் அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் ஒலியளவுச் செயலி நன்றாகவே இருக்கும். நீதிமன்றத்தில் செல்லாது, உங்களுக்கு ஒரு மதிப்பு கிடைக்கும். எண்ணைவிட நேரக் குறிப்புதான் பெரிய ஆயுதம்.

ஊருக்குஜல்லி:

குவாரிப் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டுச் சத்தம் என்றால் எப்படி. நீங்கள் இருக்கிற வீடே ஜல்லியில் கட்டியதுதான். தூரத்தில் தோண்டினால் அங்கிருந்து லாரி வரவேண்டும், அந்த லாரி இன்னொருத்தர் வாசல் வழியாகத்தான் போகும். யாருக்காவது சத்தம் இருக்கத்தான் செய்யும்.

கிழக்குச்சன்னல்:

மேலே உள்ளவருக்கு: அவர் குடிவந்தபோது மேடு இருந்தது என்று எழுதியிருக்கிறார், படித்துவிட்டுப் பேசலாம். ஜல்லி வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கதவைக் கொக்கி மாட்டி ஓட்டுங்கள் என்பதற்கு ஊரே ஜல்லியில்லாமல் போய்விடாது.

அரைத்தூக்கம், எங்கள் குடியிருப்பில் இதே பாட்டை இரண்டு வருடம் பட்டோம். முதல் கூட்டத்துக்கு 40 பேர் போனோம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம், குவாரித் தரப்பில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை 4 பேர் போனோம், கையில் நோட்டு. '12-ஆம் தேதி காலை 5.22, பின்கதவு, 3 தடவை' என்று படித்தபோது அவர்களே எடைமேடைப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்த வண்டி என்றே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் பேச்சின் தொனியே மாறிவிட்டது.

எழுத்தில் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். 'சத்தத்தைக் குறைக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதிக்கொடுப்பார்கள், அது வெறும் காகிதம். கண்ணால் பார்த்து ஆம் இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், அதற்குமுன் வரும் வண்டி எங்கே நிற்கும், நிற்கும்போது இன்ஜின் ஓடலாமா கூடாதா, ராத்திரி எது எது மட்டும் ஓடலாம். எங்களிடம் கேட் திறக்கும் நேரத்தை 7 என்று எழுதி வாங்கினோம், பெரிய வெற்றி என்று நினைத்தோம், வண்டிகள் 5.30-க்கே வந்து எங்கள் தெருமுனையில் வரிசைகட்டி இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நின்றன! ஆறு மாதம் அதற்கு ஒரு தனிப் போராட்டம். முதலிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

சத்தம் வருகிற நேரத்தில் குவாரியில் பொறுப்பில் இருப்பவரின் கைபேசி எண் ஒன்று வேண்டும். அலுவலக எண் இல்லை, அங்கே 10 மணிக்குமுன் யாரும் எடுக்கமாட்டார்கள்.

மண்கரை கேட்டு வாங்கினால், அதைக் கட்டும் வாரங்கள்தான் எல்லாவற்றையும்விட மோசம் என்று பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மேல்மண்ணை வழித்து உங்கள் எல்லையோரமாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள், புல்டோசர் கண்ணெதிரே ஓடும். எங்கள் ஆட்களே 'இதையா கேட்டு வாங்கினோம்' என்று என்மேல் பாய்ந்தார்கள். டெசிபல்கணக்கு சொன்ன அந்த இங்கிலாந்து வழிகாட்டியில்கூட இந்த வகைத் தற்காலிக வேலைக்கு வருடத்தில் 8 வாரம் வரை 70 டெசிபல் அனுமதிக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். முன்பே தெரிந்திருந்தால் திட்டு வாங்கியிருக்க மாட்டேன். எங்கள் கரை இப்போது புல் முளைத்து நிற்கிறது, கீழ்வீட்டுக்கு நல்ல பலன், மாடியில் இருக்கிற எனக்குச் சுமார்தான்.

இரட்டைக் கண்ணாடி போட்டேன். சன்னலை மூடினால் பீப் சத்தம், கொட்டுகிற சத்தம் எல்லாம் நன்றாகவே குறைந்தது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி அதிகமிருந்தால்தான் பலன் என்று கடைசியில்தான் சொன்னார்கள், ஒரு சாண் என்றால் இன்னும் நல்லதாம், என்னுடையது ஒரு விரலகலம்கூட இல்லை. கண்ணாடி மாற்றுமுன் சட்டத்தைச் சுற்றியிருக்கிற இடுக்கை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள், சில சமயம் அதுவே போதும். உறுமலுக்கு எதுவும் கேட்காது, அது சுவரையே தாண்டி வரும். அப்புறம் சன்னலைச் சாத்தியே வைத்திருக்க வேண்டும், காற்றுக்கு வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் புழுங்கிச் சாகவேண்டியதுதான்.

அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் நன்றி. கையெழுத்துப் போடவில்லை, நோட்டுப் போட்டேன். 9 நாள் எழுதியதில் தெரிந்ததைச் சொல்கிறேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. கிரஷர் ஓடுவதே காலை 8 மணிக்கு அப்புறம்தான். அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் எழுந்து மிக்சி, குழாய், பள்ளி அவசரம் என்று நாமே ஒரு குவாரி நடத்திக்கொண்டிருக்கிறோம், அது காதில் விழுவதேயில்லை.

5.05-லிருந்து 5.40 வரை இருப்பது குவாரிச் சத்தமே இல்லை, கேட்டுக்கு வெளியே வண்டி வரிசை. இன்ஜின், கதவு, ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுப் பேசுவது, ஒரு வண்டியில் பாட்டு. 5.40-க்கு போர்மேன் ஐயா சொன்ன முதல் பக்கெட். 9 நாளில் 9 நாளும் அந்த நேரம் இரண்டு மூன்று நிமிடம்கூட மாறவில்லை. ஒன்பது நாளில் நான் கண்விழித்த நேரமும் அதேதான். பீப் சத்தம் 6 மணிக்கு மேல்.

ராத்திரி உறுமல் சலிப்பு இல்லை. இரவு 1 மணிக்கு மாடியில் ஏறிப் பார்த்தேன், பள்ளத்தில் ஒரே ஒரு விளக்கு, மற்றதெல்லாம் இருட்டு. அந்த விளக்குப் பக்கம்தான் சத்தம்.

பழைய போர்மேன்:

தண்ணீர் இறைக்கிற டீசல் பம்ப். பந்தயம் கட்டுகிறேன். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டால் ராத்திரி இறைக்காவிட்டால் காலையில் பள்ளம் குளமாகிவிடும், அதனால் அதை நிறுத்தவே மாட்டார்கள். அது ஓடுவது ஆபீசில் இருப்பவர்களுக்கு நினைவே இருக்காது, வாட்ச்மேன் டீசல் ஊற்றிக்கொண்டிருப்பார்.

டெசிபல்கணக்கு:

கணக்கும் ஒத்துவருகிறது. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 50 வெடிப்பு, அதாவது 50 ஹெர்ட்ஸ் உறுமல். 'ஏ' எடையில் 30 டெசிபல் கழிந்துபோகும் என்று நான் சொன்ன அதே இடம். அவர்கள் தாளில் அது வராததில் ஆச்சரியம் இல்லை.

கேட்கவேண்டியது: மின்சார நீர்மூழ்கி மோட்டாராக மாற்றமுடியுமா. முடியாதென்றால் பம்பைப் பள்ளத்தின் அடித்தரைக்கு இறக்கி, ஒலியடக்குக் கூண்டு போட்டு, நல்ல சைலன்சர் மாட்டி, புகைக்குழாய் வாயை உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்புவது. இல்லையென்றால் ராத்திரி ஊறுகிற நீரைத் தாங்கும் அளவுக்கு ஒரு தேக்கக்குழி வெட்டிவிட்டுப் பகலில் மட்டும் இறைப்பது. அந்தக் குழி வெட்ட அவர்களிடம் எக்ஸ்கவேட்டர் சும்மாதானே இருக்கிறது.

அரைத்தூக்கம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நானும் இன்னும் இரண்டு பேரும் நோட்டோடு போனோம். பந்தயத்தில் போர்மேன் ஐயா ஜெயித்துவிட்டார், பம்ப்தான், மேலாளர் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் உறுதி செய்தார்.

வண்டி வரிசையைக் கேட்டுக்கு உள்ளே, எடைமேடையைத் தாண்டி 200 மீட்டர் உள்ளே நிறுத்த ஏற்பாடு செய்துவிட்டார்கள், இன்ஜினை அணைக்கச் சொல்லி போர்டும் வைத்தாயிற்று. சொந்த வண்டிகள் கேட்கின்றன, வெளி வண்டிகள் பாதி கேட்கின்றன. ஏற்றுவது 6.30-க்கு மேல்தான் என்று எழுதியே கொடுத்தார்கள். முதல் பக்கெட் விஷயத்தைச் சொன்னதும் லோடர் ஆபரேட்டர் சிரித்துவிட்டார், 'இது எனக்குத் தெரியும் சார், யாரும் கேட்கலையே' என்றார். ரிவர்ஸ் அலாரம் இரண்டு லோடருக்கு மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மகள் புதுச் சத்தத்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, பீப்பிலேயே நிற்கிறாள்.

பம்ப் மட்டும் அப்படியேதான் ஓடுகிறது. மின்சார இணைப்புக்கு எழுதிப்போட்டிருக்கிறோம், அதுவரை கூண்டு செய்துதருகிறோம் என்கிறார்கள். அதற்குமுன் ஒருதடவை அளந்து வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் கேட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறார், 'சி' எடையிலும் எடுப்பாராம். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்கள். ராத்திரி 2 மணி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.